பல் விலகின நாலு டயர்

சோலைக்கரட்டில் சேறு காய்வதற்கு இரண்டு வழிதான் உண்டு. ஒன்று தை மாசத்து வெயில், இன்னொன்று ஜீப்பு வீரணன் பெண்டாட்டி ஒச்சம்மாளின் கோபம். இரண்டில் எது சீக்கிரம் காயவைக்கும் என்று அந்த மலையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், வெற்றிலையைத் துப்பிவிட்டு, வெயிலுக்கு அவ்வளவு வீரியம் ஏது என்றுதான் சொல்வார்கள்.

அடிவாரத்திலிருந்து ஊர் ஏழு கிலோமீட்டர். காகிதத்தில் மூன்று முறை தார் போட்ட பாதை அது. காகிதத்தில் அதற்கு இரண்டு பாலம் உண்டு, வளைவுக்கு வளைவு வெள்ளையடித்த கல் உண்டு, மழைத்தண்ணீர் ஓட இருபுறமும் வாய்க்கால் உண்டு. தரையில் அது வெறும் செம்மண்ணும் களியும். புரட்டாசிக் கடைசியில் முதல் மழை விழுந்தால் மார்கழி முடிகிற வரைக்கும் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் செருப்பை வரியாக வாங்கிக்கொண்டு கிடக்கும். ஊருக்கு இருந்த ஒரே வண்டி வீரணனின் குட்டி ஜீப்பு. எலுமிச்சை மூட்டையும் இலவம்பஞ்சும் நோயாளியும் பள்ளிக்கூடத்து வாத்தியாரும் அதில்தான் ஏறி இறங்கவேண்டும். அதன் டயர் நாலும் மொக்கைச்சாமி மண்டை மாதிரி வழுவழுத்துப் போய்விட்டதால், ஓர் ஆவணி மாதம் ஊரே வரி போட்டுப் புது டயர் வாங்குவதென்று முடிவாயிற்று. மொக்கைச்சாமி என்பவர் ஊர்த்தலைவர். அந்த உவமையை அவர் காதுபட யாரும் சொன்னதில்லை.

சோலைக்கரட்டுக்காரர்கள் அதுவரை காசு கொடுத்து வாங்கிய பெரிய பொருள் என்றால் மாடுதான். ஆகையால் டயர் வாங்கவும் மாட்டுத்தரகர் தவசியைத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். நாற்பது வருசமாகச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசிய மனிதர். கடைக்காரர், மலைப்பாதை என்று கேட்டதும் சேற்று டயர் ஒன்றை உருட்டிவந்து நிறுத்தினார். ஒடுங்கலான டயர், தீப்பெட்டி தீப்பெட்டியாகப் பல், பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் இரண்டு விரல் சந்து. தவசி அதைச் சுற்றிவந்தார், முதுகில் தட்டினார், விலாவை அமுக்கினார், சுழி எங்கே விழுந்திருக்கிறதென்று தேடினார், கடைசியில் பல்லுக்குள் விரலை விட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இது கெழடுய்யா. பல்லெல்லாம் விலகிப்போச்சு பாரு. இன்னும் ரெண்டு மழையில கொட்டிரும்."

"அண்ணே, அது புதுசுண்ணே. அந்தச் சந்து வழியாத்தான் சேறு..." என்று கடைக்காரர் ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்க. எங்க சந்தையிலயும் இப்படித்தான் சொல்லுவாய்ங்க" என்ற தவசி, மூலையில் கிடந்த இன்னொன்றைப் போய்த் தடவினார். டவுன் ரோட்டில் ஓடுகிற அகல டயர். "இங்க வாங்க தலைவரே. எளங்கன்னு! மக்காச்சோளக் கருது மாதிரி நெருக்கமாப் பல்லு. முதுகப் பாருங்க, பாயை விரிச்சுப் படுக்கலாம்."

மொக்கைச்சாமியும் படுத்துப் பார்க்காத குறையாகத் தலையை ஆட்டினார். பத்து வருசமாக அந்தச் சேற்றில் வண்டி ஓட்டுகிற வீரணனை யாரும் கேட்கவில்லை, பெரியவர்கள் பேசும்போது அவனும் வாயைத் திறக்கிற வழக்கமில்லை. இருபத்தைந்து வருசமாக அதே சேற்றில் தலைச்சுமையோடு நடக்கிற ஒச்சம்மாளைக் கடைக்கே கூட்டிக்கொண்டு போகவில்லை.

முதல் மழை விழுந்த மறுநாள், சந்தனப் பொட்டும் மாலையுமாக ஜீப்பு இறங்கியது. ஆனைக்குழி என்கிற இடத்தில், இளங்கன்றின் நெருக்கமான பல்லெல்லாம் பத்தே சுற்றில் களி அடைத்துக்கொண்டு, டயர் நாலும் எண்ணெயில் போட்ட பணியாரமாய் உருண்டையாகி, இருந்த இடத்திலேயே சுற்றின. மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த ஒச்சம்மாள் இறங்கினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டயரிடம் போய், நகத்தால் பல்லைக் கிண்டிப் பார்த்தாள். பிறகு நின்ற இடத்தைப் பார்த்தாள். பதினேழு வருசத்துக்கு முன்னால், இதே குழியில், வேறொரு ஜீப்பு இதே மாதிரி சுற்றிக்கொண்டிருந்தபோதுதான், காய்ச்சல் கண்ட அவளுடைய மூன்று வயது மகன் அவள் மடியிலேயே அடங்கிப்போனான்.

"யோவ் கொழுந்தனாரே" என்றாள் தவசியைப் பார்த்து. சத்தமாகக்கூட இல்லை. "பல்லைப் பிடிச்சா பாத்த? இது என்னா மாடா, புல்லு மேய? பதினேழு வருசமாச்சு, ஒங்களுக்கெல்லாம் இன்னும் இந்தச் சேத்தோட ருசி தெரியலயா?"

அவள் பாதத்தைச் சுற்றி முதலில் ஒரு சுளகு அகலத்துக்குச் சேறு வெளுத்தது. வெளுப்பு வட்டமாக விரிந்து வண்டியைத் தாண்டிப் போய், வெடிப்பு விட்டு, தட்டினால் ஓசை எழும்புகிற கட்டாந்தரையாக நின்றது. டயரில் ஒட்டியிருந்த களி ஓடு ஓடாக உதிர்ந்தது. தவசி குச்சியால் தரையைக் குத்திப் பார்த்துவிட்டு, "காஞ்சிருச்சு, ஏறுங்கப்பா" என்றார். எல்லோரும் ஏறிக்கொண்டார்கள்.

அதற்கப்புறம் ஊர் ஒரு வாரம்கூட யோசிக்கவில்லை. ஜீப்பு கிளம்பினால் ஒச்சம்மாளை முன் சீட்டில் உட்காரவைப்பது, சேறு வந்தால் யாராவது அவளுக்குக் கோபம் மூட்டுவது என்று ஏற்பாடாயிற்று. அவள் வைக்கிற குழம்பைப் பழித்தால் நாலு முழம் காய்ந்தது. பிறந்த ஊரைப் பழித்தால் ஒரு தென்னை நீளம். வீரணனைக் கையாலாகாதவன் என்றால் வளைவு வரைக்கும். தெருவுக்கு ஒரு நாள் வசவு முறை வைத்தார்கள். முறை வந்த தெருவில் முந்தின நாள் மத்தியானமே கூடி உட்கார்ந்து, நாளைக்கு என்ன சொல்லித் திட்டலாம் என்று பேசிப் பார்த்துக்கொண்டார்கள். திட்டி முடித்ததும், "மதினி, மனசுல வச்சுக்காதீக, ரோட்டுக்காகச் சொன்னது" என்று சமாதானமும் சொல்லிவிடுவார்கள், மரியாதை தெரிந்த ஊர் அது. ஈரப் பஞ்சையும் நனைந்த முந்திரிக்கொட்டையையும் முறத்தில் கொண்டுவந்து அவள் வாசலில் பரப்பி, "ஒன் மூஞ்சியும் முகரையும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, சாயங்காலம் வந்து காய்ந்ததை அள்ளிக்கொண்டு போனார்கள். பால் கொடுக்கிற பெண்கள் மட்டும் பின் சீட்டில் கடைசியில் உட்காரவேண்டும் என்று சட்டமாயிற்று, ஏனென்றால் முன்னால் உட்கார்ந்த ஒருத்திக்கு மூன்று நாள் மார் வற்றிப்போனது.

ஒச்சம்மாளுக்கோ வாய் எந்நேரமும் வறண்டு கிடந்தது. கண்ணைக் கசக்கினால் உள்ளே மணல் மாதிரி உறுத்தியது. மகனை நினைத்து அழலாமென்று உட்கார்ந்தாலும் ஒரு சொட்டு வரவில்லை, அதையும் ஊரே ரோட்டில் ஊற்றிவிட்டது. "டயரை மாத்துங்கய்யா" என்று அவள் மொக்கைச்சாமியிடம் நாலு தரம் கேட்டாள்.

"டயர் எதுக்குத் தங்கச்சி? அதான் நீ இருக்கியே" என்றார் அவர்.

வசவும் பழக்கமாகிப்போகும். மூன்றாம் மாசத்தில், குழம்பைச் சொன்னால் அரை முழம்கூடக் காயவில்லை. பிறந்த ஊரைச் சொன்னபோது அவள் கொட்டாவி விட்டாள். அந்த நேரம் பார்த்துத்தான் கீழேயிருந்து ரோட்டாபீசர் பாதையைப் பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்தது. பதினேழு வருசமாக எழுதிப்போட்ட மனுவுக்கு வந்த முதல் ஆள்.

"அவரு சேத்துலயே வரட்டும்ணே" என்றாள் ஒச்சம்மாள். "முட்டி வரைக்கும் மாட்டட்டும். அப்பத்தான் எழுதுவாரு."

"நல்லா இருக்கே கதை! பெரிய மனுசரை வரச்சொல்லிட்டுச் சேத்துல அமுக்கவா? ஊரு மானம் என்னத்துக்காகுறது?" என்ற மொக்கைச்சாமி, ஏழு கிலோமீட்டரையும் காயவைத்தாக வேண்டும் என்று தவசியிடம் சொல்லிவிட்டார்.

ஆபீசரை ஏற்றிவர ஜீப்பு இறங்கியபோது, தவசி பின்னாலிருந்து என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. ஆனைக்குழியில் வண்டி அமுங்கியது. தவசி தொண்டையைச் செருமிக்கொண்டார். சந்தையில் கடைசி விலை சொல்கிற குரலில் சொன்னார்:

"பெத்த பிள்ளையைச் சேத்துல குடுத்துட்டு வந்தவதானே நீயி. வேற ஒருத்தின்னா, தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு ஓடியே கீழ சேர்த்திருப்பா."

வீரணன் இன்ஜினை நிறுத்திவிட்டான். பிறகு, ஆனைக்குழியிலிருந்து மேலே ஊர் வரைக்கும் கீழே அடிவாரம் வரைக்கும், ஏழு கிலோமீட்டரும் ஒரே நேரத்தில் வெளுத்து இறுகிப் பாறையாயிற்று. ஓரத்து எருக்கிலையெல்லாம் சருகாகிக் கொட்டியது. தவசியின் இடுப்பிலிருந்த வெற்றிலை பொடியாகிப்போனது. அன்றைக்கு யாரும் மனசுல வச்சுக்காதீக என்று சொல்லவில்லை, பாதை அவ்வளவு அருமையாக இருந்தது.

ஆபீசர் அதில் ஆடாமல் அலுங்காமல் வந்தார். இறங்கினார், செருப்பில் தூசிகூட இல்லை. காலால் தரையைத் தட்டிப் பார்த்தார், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று நாலு போட்டோ பிடித்தார், இளநீர் குடித்தார், போனார். அடுத்த மழையிலேயே பாதை பழையபடி சேறாயிற்று. பத்து நாளில் தபால் வந்தது. பாதை நல்ல நிலையில் உள்ளது, நான்காம் முறையாகப் பணி நிறைவுற்றது, இனி மனு அனுப்ப வேண்டியதில்லை. மொக்கைச்சாமி அதை இரண்டு தரம் வாசித்தார். "கையெழுத்து நல்லா இருக்கு" என்றார்.

அந்த வாரம்தான் கீழே கட்டிக்கொடுத்திருந்த ஒச்சம்மாளின் மகள் வினோதா, வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்காக வீட்டுக்கு வந்திருந்தாள். "நீதான் கூட வரணும்மா ஆசுபத்திரிக்கு. நீ வந்தாத்தான் ரோடு காயும்" என்று சொல்லிவிட்டு, தாயின் கையைப் பிடித்து வயிற்றில் வைத்தாள். உள்ளேயிருந்து ஒரு சின்னக் குதிகால் உதைத்தது. ஒச்சம்மாள் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். கோபப்பட்டால் மகளுக்குப் பால் வற்றும். கோபப்படாவிட்டால் ஜீப்பு ஆனைக்குழியில் நிற்கும். பெற்ற பிள்ளையைக் கொடுத்த குழியிலா பேரப்பிள்ளையையும் கொடுப்பது?

மறுநாள் காலையில் இரண்டு கிடாயை விற்று, தூக்குவாளி நிறைய ஆனைக்குழிச் சேற்றை அள்ளி, ஈரச் சாக்கைப் போட்டு மூடி எடுத்துக்கொண்டு, வீரணனோடு டயர்க் கடைக்குப் போனாள்.

கடைக்காரர் அவள் தலைக்கு மேலாக வீரணனைப் பார்த்தார். "அந்தப் பெரியவர் வரலீங்களா? டயர் விசயமாச்சே. அக்கா அந்த ஃபேனுக்கடியில உக்காரட்டும், நாம பேசுவோம்."

தூக்குவாளியின் ஓரத்தில் சேறு மெல்ல வெளுக்க ஆரம்பித்தது. வீரணன் கையிலிருந்த டீ ஒரு விரற்கடை இறங்கியது. சேறு காய்ந்தால் சோதனை போச்சு. ஒச்சம்மாள் கண்ணை மூடி, அந்தச் சின்னக் குதிகாலை நினைத்துக்கொண்டாள். வெளுப்பு நின்றது.

"ஒவ்வொண்ணா உருட்டுங்கண்ணே" என்றாள். "நான் பாத்துக்கிறேன்."

முதல் டயரின் பல்லில் சேற்றை அள்ளி அப்பி, உள்ளங்கையால் அமுக்கி, வீரணனைக் கடை நீளத்துக்கு உருட்டச் சொன்னாள். சேறு அப்படியே உட்கார்ந்திருந்தது. இரண்டாவதில் பாதி விழுந்தது. மூன்றாவது பெரிய பல்லுள்ள அகல டயர். சேறு விழுந்தது, ஆனாலும் அவள் அதன் பக்கத்தில் தன் பாதத்தை வைத்துப் பார்த்து, வேண்டாமென்று தலையாட்டினாள்.

"இது ரொம்பப் பரப்பு. சேத்து மேலயே மிதக்கும். எங்க பாதையில முழங்காலுக்குக் கீழ கெட்டித் தரை இருக்கு, காலு அங்க போய்த் தொடணும். எருமை எப்படி நிக்கிது? பரந்தா நிக்கிது? குளம்பு பொளந்திருக்கு. அமுக்குனா விரியுது, தூக்குனா சேறு தன்னால விழுகுது."

கடைக்காரர் உள்ளே போய் ஒரு டயரை உருட்டிவந்தார். ஒடுங்கலான உடம்பு, தீப்பெட்டிப் பல், இரண்டு விரல் சந்து, ஓரங்களிலும் இறங்கியிருந்த கட்டைப் பல். சேற்றை அப்பி உருட்டியதும் மூன்றாம் சுற்றில் மொத்தமும் கழன்று, பறந்துபோய்ச் சுவரிலிருந்த காலண்டரில் அப்பியது.

"இதான்" என்றாள்.

"தார் ரோட்டுல கொஞ்சம் எரைச்சல் போடும்கா இது."

"எங்க தார் ரோடு காகிதத்துலதான் கெடக்கு. அதுல போகும்போது காதைப் பொத்திக்கிறோம்."

கடைக்காரர் சிரித்தார். வண்டியில் பூட்டி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து, எங்கேயும் உரசவில்லை என்று காட்டினார். சேற்றில் இறங்கும்போது காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு, சும்மா இருக்கமாட்டாமல், "போன தடவையே நான் இதத்தான் உருட்டிட்டு வந்தேன். அந்தப் பெரியவர்தான் கெழடுன்னுட்டாரு" என்றார்.

வீரணனின் டம்ளரில் மிச்சமிருந்த டீ தூளாயிற்று. கடைக்காரரின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"ஒங்க மேல இல்லண்ணே" என்றாள் ஒச்சம்மாள், வண்டியில் ஏறிக்கொண்டே. "அவருக்குன்னு வச்சிருக்கேன்."

ஊரில் அதை நல்ல சேதியாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. மொக்கைச்சாமி கூட்டம் போட்டார். "ஒன் கோவம் ஊருப் பொதுச்சொத்து தங்கச்சி. ஊரைக் கேக்காம நீயா டயர் வாங்குனா எப்படி? பஞ்சை யாரு காயவைக்கிறது?"

"வெயில்ல போடுங்கண்ணே" என்றாள்.

மார்கழி நடுவில், ஊரே ஊறிப்போய்க் கிடந்த ஒரு காலை பத்து மணிக்கு வினோதாவுக்கு வலி எடுத்தது. ஜீப்பில் மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஒச்சம்மாள் உட்கார்ந்தாள். ஆனைக்குழிக்கு வந்தால், ஊர் ஆம்பிளைகள் இரண்டு வரிசையாகத் தயாராக நின்றார்கள், முன்னால் தவசி.

"மதினி, எதுக்கும் இருக்கட்டும், ஒரு வார்த்தை சொல்லட்டுமா? புதுசா ஒண்ணு வச்சிருக்கேன்."

ஒச்சம்மாள் குழியைப் பார்த்தாள். தொண்டைக்குள் அந்தப் பழைய சூடு ஏறியது. மகளின் உதடு வறளத் தொடங்கியதைப் பார்த்தாள், அப்படியே அதை விழுங்கினாள், பதினேழு வருசத்தையும் சேர்த்து விழுங்கினாள். குனிந்து, மகளின் காதில் சும்மா ஏதோ தாலாட்டு மாதிரி முனகினாள். பிறகு வீரணனைப் பார்த்து, "மெதுவா, நிக்காம போய்யா" என்றாள்.

வண்டி இறங்கியது. சேறு ஒரு சாண் விழுங்கியது, இரண்டு சாண் விழுங்கியது, கெட்டித் தரை டயருக்கு எட்டியது. விலகின பல் ஒவ்வொன்றும் கவ்வியது, கவ்வியதை உதறியது, திரும்பக் கவ்வியது. உதறின சேறு இரண்டு பக்கமும் பனை உயரத்துக்குக் கிளம்பி, வரிசையில் நின்ற அத்தனை பேர் மேலும் அப்பிக்கொண்டது. புது வசவைச் சொல்லத் தவசி திறந்த வாய்க்குள் ஒரு குத்து உட்கார்ந்தது. ஜீப்பு மேட்டில் ஏறியபோது ஒச்சம்மாளின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு வினோதா நெற்றியில் விழுந்தது.

பெண் குழந்தை. பால் சேலையெல்லாம் நனைகிற அளவுக்குச் சுரந்தது. மூன்றாம் நாள் தவசி, பல்லிடுக்கில் இன்னும் செம்மண்ணோடு, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நடந்தே வந்து நின்றார். "மதினி, அன்னைக்கி ஒங்க மகனைப் பத்திச் சொன்னது..." என்று துண்டைக் கசக்கினார்.

"சொன்னது இன்னும் ஆறலை" என்றாள். "ஆற வேணாம். அது எனக்கு இன்னொரு எடத்துல வேணும்."

வசவு முறை அத்தோடு நின்றது. கோபம் நிற்கவில்லை. நாலு முழம், தென்னை நீளம் என்று தினமும் கீழே சிந்திக்கொண்டிருந்தது இப்போது சிந்தாமல் உள்ளே கூடிக்கொண்டே வந்தது. பேத்திக்கு மூன்று மாசம் நிறைந்து, மகளைப் புருசன் வீட்டில் கொண்டுபோய் விட்ட மறுநாள், ஒச்சம்மாள் ஜீப்பின் முன் சீட்டில் ஏறினாள். மடியில் அந்தத் தபால். பருவம் தப்பிப் பெய்த பங்குனி மழையில் பாதை சேறாகத்தான் கிடந்தது. வழியில் யார் என்ன பேசியும் ஒரு சாண் காயவில்லை. அவள் ஒரு சொட்டையும் செலவழிக்கவில்லை.

ரோட்டாபீசில் சேற்றுக் காலோடு மாடியேறினாள். சலவைக்கல் தரையில் அவள் பாதம் ஒவ்வொன்றும் சோலைக்கரட்டுச் சிவப்பில் பதிந்தது. ஆபீசர் நிமிர்ந்து பார்த்தார். அவர் மேசையில் மைக்கூடும், ஈர ஸ்பாஞ்சும், ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரும், பூச்சாடியில் ஒரு ரோஜாவும் இருந்தன. பின்னால் சுவரில், சட்டம் போட்டு, காய்ந்த பாதையின் நாலு போட்டோ.

ஒச்சம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தபாலை மேசையில் விரித்து வைத்தாள்.

"சார்" என்றாள் தன்மையாக. "மொதல்ல கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கங்க. பெறகு கெடைக்காது."